எதிர் ஓட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அக்காவும் குழந்தையும் போன வாரம் வந்துவிட்டுப் போனார்கள், அதை அப்புறம் எழுதுகிறேன். முதலில் உன் முகவரியை அனுப்பு. கதவு எண், தெரு எல்லாம் முழுசாக அனுப்பு.

நேற்று முகவரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். உனக்கென்று ஒதுக்கிய பக்கம் நிறைந்துவிட்டது. மேலே கல்லூரி விடுதி. அதை அடித்துவிட்டு, பக்கத்து நகரத்தில் அந்த மாடி அறை. அதையும் அடித்துவிட்டு, பெரிய நகரத்தில் மூன்று முகவரிகள். கடைசியில் நீ இப்போது இருக்கும் நகரத்தின் பெயரை மட்டும் பென்சிலால் எழுதியிருக்கிறேன். ஐந்து மாதமாக அந்தப் பெயர் தனியாக நிற்கிறது. கேட்டால் "அனுப்புறேம்மா" என்று சொல்லி வைத்துவிடுகிறாய். இப்போது அந்தப் பேச்சும் குறைந்துவிட்டது.

பக்கத்தைப் பார்க்கப் பார்க்க, புவியியல் அறிஞர் ரேவன்ஸ்டைன் நினைவுக்கு வந்தார். நீயும் என் வகுப்பில் உட்கார்ந்து கேட்டவன்தானே. 1871, 1881 ஆண்டுகளின் பிரிட்டன் மக்கள்தொகைக் கணக்கை வைத்து, எங்கே பிறந்தவர் எங்கே வாழ்கிறார் என்று பார்த்து, 1885இல் இடப்பெயர்வு விதிகளை எழுதினார். பெரும்பாலானவர்கள் ஒரே தாவலாகத் தூரம் போவதில்லை. நகரத்தை ஒட்டியிருப்பவர்கள் முதலில் உள்ளே போவார்கள், அவர்கள் விட்ட இடத்துக்கு இன்னும் தள்ளியிருப்பவர்கள் வருவார்கள். படிப்படியாகத்தான் நடக்கும். என் பிள்ளை அதை அப்படியே நோட்டில் எழுதிக் காட்டிவிட்டான் என்று எனக்குப் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் படி ஏறுகிறவன் எந்தப் படியில் நிற்கிறான் என்றாவது வீட்டுக்குச் சொல்ல வேண்டாமா?

எட்டாம் வகுப்புச் சுவரில் நாம் மாட்டிய வரைபடம் உனக்கு மறந்திருக்காது. வெளியூர் போன ஒவ்வொருவருக்கும் அவரவர் வீட்டுப் பிள்ளை ஒரு கம்பளி நூல் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் பார்த்தால் நூலெல்லாம் இரண்டே நகரங்களில் குத்திய ஊசிகளில் போய்க் குவிந்திருந்தது. ஒரு ஊசி பாரம் தாங்காமல் சாய்ந்தே விட்டது. அவற்றைவிடப் பக்கத்திலிருந்த நகரத்துக்கு ஒரு நூல்கூட இல்லை. "ஏன் டீச்சர்?" என்று நீதான் கேட்டாய். (வகுப்பில் ஒரு நாளும் அம்மா என்று கூப்பிட்டதில்லை நீ.) 1946இல் சிஃப் என்ற அமெரிக்க அறிஞர் சொன்ன கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். இரண்டு நகரங்களின் மக்கள்தொகையைப் பெருக்கித் தூரத்தால் வகுத்தால், அவற்றுக்கிடையே நடமாட்டம் எவ்வளவு என்று ஓரளவு பிடிபடும். 1940லேயே சமூகவியல் அறிஞர் ஸ்டௌஃபர், தூரத்தைவிட நடுவில் எத்தனை வாய்ப்புகள் குறுக்கிடுகின்றன என்று பார்க்கச் சொல்லியிருந்தார். இரண்டையும் சொல்லி முடித்த பிறகு எனக்குத் தோன்றியதையும் சொன்னேன்: அந்த நகரத்துக்கு நேர் வண்டி கிடையாது, அங்கே நமக்கு முன்னால் போய் அறை பிடித்து வைத்தவர்களும் இல்லை. நீ முதன்முதலில் போனபோது யாருடைய அறையில் பாய் விரித்தாய், நினைத்துப் பார்.

வழி போட்டுவிட்டால் மட்டும் எல்லா ஊரும் வளர்ந்துவிடாது என்பதையும் அன்றே சொன்னேன். 1957இல் பொருளாதார அறிஞர் மிர்தால் எழுதியது அதுதான். வளரும் நகரம் சுற்றுப்புறத்துக்குக் கொஞ்சம் கொடுக்கும், கூடவே அங்கிருக்கும் இளைஞர்களையும் பணத்தையும் இழுத்துக்கொள்ளும். 1964இல் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே அதிவேக ரயில் வந்தது, அப்புறம் அந்தப் பாதைகள் நாடு முழுக்க நீண்டன. வேகமான பாதை வந்ததும் சிறிய நகரத்தின் ஆட்களும் வியாபாரமும் பெரிய நகரத்துக்கு உறிஞ்சப்படுவதற்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் ஸ்ட்ரா விளைவு.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். தொழில் ஒரு நகரத்தை விட்டு இன்னொரு நகரத்துக்குப் போனால் ஆட்களும் பின்னாலேயே போக வேண்டியதாகிறது, சிலருக்கு அங்கே இடம் இல்லாமலும் போகிறது. அது போகிறவன் குற்றம் இல்லை, தம்பி. நான் பொதுவாகச் சொல்கிறேன். உன்னை எதுவும் கேட்கவில்லை. முகவரியை மட்டும் அனுப்பு. நேரத்துக்குத் தூங்கு. கையில் கொஞ்சம் பணம் எப்போதும் வைத்துக்கொள்.

அந்த வரைபடத்தில் நடந்த இன்னொன்றை உன்னிடம் சொல்ல வேண்டும். மூன்றாவது பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்கப்பா திரும்பி வந்துட்டார் டீச்சர், நூலை என்ன செய்யணும்?" என்று கேட்டாள். அவிழ்த்துவிடு என்றேன். அவள் நூலைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் போனதும் வந்ததும் அந்தச் சுவரில் இல்லாமல் போயிற்று. 1000 பேர் வந்து 900 பேர் போன நகரத்தில் நிகரமாக 100 என்று எழுதிவிட்டால், 1900 பேர் பெட்டி தூக்கி நடந்தது கணக்கில் காணாமல் போய்விடும் என்று நானே பாடம் நடத்தியிருக்கிறேன். நானே அவளை அவிழ்க்கவும் சொன்னேன்.

உன்னிடமும் அதைத்தான் செய்தேன். இரண்டு வருடத்துக்கு முன் ராத்திரி ஃபோனில், "அங்கேயே வந்து ஏதாவது செய்யட்டுமாம்மா?" என்று கேட்டாய். நான், "இங்கே வந்து என்ன செய்யப்போகிறாய், பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்?" என்றேன். என் மகன் பெரிய நகரத்தில் இருக்கிறான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பேச்சு எனக்கு வேண்டியிருந்தது. நீ கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அக்காவைப் பற்றி விசாரித்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை.

ஒவ்வொரு பெரிய ஓட்டத்துக்கும் ஈடாக ஓர் எதிர் ஓட்டம் உண்டு. இதுவும் ரேவன்ஸ்டைன் விதிதான். 30 வருடம் வகுப்பில் சொல்லி எழுத வைத்தேன். விடைத்தாளில் அந்த வரியை விட்ட பிள்ளைகளுக்கு ஒரு மதிப்பெண் குறைத்தேன். என் வீட்டுப் பிள்ளை கேட்டபோது எனக்கு அது நினைவுக்கு வரவில்லை. தப்பு என்னுடையது.

உன் அறையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கியிருந்தேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஜன்னல் கொக்கியும் மாற்றியாயிற்று. கடைசி வண்டி இப்போதெல்லாம் அரை மணி தாமதமாகத்தான் வருகிறது. எந்த நாள் என்று சொல்ல வேண்டாம், நான் எப்படியும் அந்நேரம் விழித்துத்தான் இருப்பேன். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருப்பதாக இருந்தால் முகவரியை அனுப்பு.

அம்மா