அன்னா பென்னுக்கு ஒரு வரி போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

'கொட்டுக்காளி' படத்தைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜைப் பற்றியும் சூரியைப் பற்றியும் எழுதியவை அத்தனையும் நியாயமானவை. ஆனால் மீனாவாக நடித்த அன்னா பென்னுக்கு 'பொருத்தமாக நடித்திருக்கிறார்' என்று ஒரே வரி! மனம் ஆறவில்லை.

வேறு சாதிப் பையனை விரும்பிய மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று முடிவுகட்டி, அதை ஓட்ட ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோகிறது குடும்பம். அவள் வாய் திறப்பதே அபூர்வம். படத்தில் பின்னணி இசையும் கிடையாது. இரண்டும் இல்லாதபோது ஒரு நடிகை எதை வைத்து நம்மை உட்கார வைப்பார்? கண்ணீராவது வரும் என்று பார்த்தேன். அதையும் அவர் தரவில்லை. எங்கள் பக்கத்தில் இப்படி இறுகிப்போய் உட்கார்ந்திருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அடித்தாலும் கெஞ்சினாலும் பதில் வராது. 'கல்லுளிமங்கி' என்று ஏசுவார்கள். அந்தப் பார்வையைக் கேரளத்திலிருந்து வந்த இளம்பெண் எங்கிருந்து பிடித்தார் என்பதுதான் என் வியப்பு. வழியில் கேட்கும் ஒரு பாட்டை அவள் மெல்ல முணுமுணுக்கிறாள். அதற்கே, அவளை மணக்கவிருக்கும் பாண்டி (சூரி) வெறிகொண்டு அடிக்கிறான். உதடு அசைந்த அந்தச் சில நொடிகளில் அவள் மனம் யாரிடம் இருக்கிறது என்பது நமக்கும் தெரிந்துவிடுகிறது, அவனுக்கும் தெரிந்துவிடுகிறது.

இதே அன்னா பென், 2019-இல் 'கும்பளங்கி நைட்ஸ்' படத்தில் துறுதுறுவென்று பேசிய பேபிமோள் என்பதை நினைத்துப் பாருங்கள். அது அவருக்கு முதல் படம். அதே ஆண்டில் 'ஹெலன்' வந்தது. குளிர்பதன அறைக்குள் சிக்கிக்கொண்டு உயிருக்குப் போராடும் பெண்ணாக, படத்தின் பெரும்பகுதியைத் தனியாகவே சுமந்தார். தமிழில் அது 'அன்பிற்கினியாள்' ஆனது. 'கப்பேள' படத்துக்காகக் கேரள அரசின் சிறந்த நடிகை விருதும் பெற்றார். ஒரு பாத்திரத்தின் சாயல் அடுத்ததில் ஒட்டவே இல்லை.

அவரிடம் ஒரு விரிவான நேர்காணல் எடுத்து வெளியிடுங்கள். தந்தை திரைக்கதை எழுத்தாளர் பென்னி பி. நாயரம்பலம் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். பேசாமலே ஒரு படம் முழுவதும் இருக்க எப்படித் தயாரானார், ஆட்டோவில் அந்த நீண்ட காட்சிகளில் கண்ணை எங்கே வைத்திருந்தார் என்று கேளுங்கள். அதைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
மேலூர்.