பஸ்ல பக்கத்து சீட்ல இருந்த அக்காவுக்கு

அக்கா,

உங்க பேரு தெரியாது, நீங்க இதைப் படிக்கப் போறதும் இல்ல, இருந்தாலும் எழுதாம இருக்க முடியல. மார்த்தாண்டத்துல ஏறி ஜன்னல் சீட்டைப் பிடிச்சு, தக்கலை வர்றதுக்குள்ள என் மகளைப் பத்தி ஒரு முழு ரிப்போர்ட்டே குடுத்தீங்கல்ல, அந்த அப்பன் நாந்தான்.

"பிள்ள என்ன மக்கா இப்படி எலும்பா கெடக்கு, அம்மைக்காரி ஒண்ணும் குடுக்க மாட்டாளா?"ன்னு ஆரம்பிச்சீங்க. அப்புறம் கையில இருந்த பிஸ்கட்டைப் பாத்துட்டு, இப்ப உள்ள பொம்பளைகளுக்கு அடுக்களைல நிக்க நேரமில்ல, பாக்கெட்டைப் பிரிச்சு குடுத்துட்டு போனை நோண்டிட்டு இருப்பாளுகன்னு. கடைசியா என்னைப் பாத்து "பாவம், ஆம்பிள ஒத்தைக்குப் பிள்ளையத் தூக்கிட்டு அலையுதாரு"ன்னு ஒரு உச்சு வேற கொட்டினீங்க.

அக்கா, அந்த பிஸ்கட்டை வாங்குனது நான். பஸ் ஸ்டாண்ட் கடைல அவ கை நீட்டினா, வாங்கிக் குடுத்தேன், அவ்வளவுதான். அவ அம்மை அந்த நேரம் ஆஸ்பத்திரில நைட் டூட்டி முடிச்சு வந்து வீட்ல தூங்கிட்டு இருந்தா. வாங்குனவன் பக்கத்துலயே உக்காந்திருக்கேன், எனக்கு இரக்கம், பஸ்லயே இல்லாதவளுக்கு ஏச்சு. இது எந்த ஊரு நியாயம்னு தான் கேக்குறேன். பிஸ்கட் நல்லதுன்னு வாதாட வரல, மைதாவும் சீனியும் தான், தெரியும். ஆனா அவ காலைல புட்டும் மட்டிப்பழமும் தின்னுட்டுதான் பஸ் ஏறினா, அதை நீங்க கேக்கவே இல்லையே.

மெலிவு விஷயம் சொல்றேன். பிறந்த எடை ஒரு வயசுல ஏறக்குறைய மூணு மடங்கு ஆகும், அந்த வேகத்தைப் பாத்துப் பழகினவங்களுக்கு அதுக்கு மேல பிள்ள நிக்குற மாதிரி தான் தெரியும், ஏன்னா ரெண்டு வயசு தாண்டினா வருஷத்துக்கு சுமார் ரெண்டு கிலோ தான் கூடும். பசியும் குறையும், இன்னைக்கு தட்டை வழிச்சு தின்னும், நாளைக்கு வாயே தொறக்காது. அங்கன்வாடில எடை போட்டு கார்டுல புள்ளி வைப்பாங்க, பச்சைல இருந்தா பயமில்ல, மஞ்சள்னா கவனிக்கணும், ஆரஞ்சுன்னா டாக்டர்ட்ட ஓடணும். இவ புள்ளி பச்சைல தான் நிக்குது. காலண்டர்ல வர்ற குண்டு கன்னத்துப் பாப்பா மாதிரி இல்லங்கிறது நோய் இல்ல அக்கா.

அப்புறம் அந்த வறுத்த கடலை. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம பொட்டலத்தைப் பிரிச்சு அவ வாயில நாலைஞ்சைப் போட்டீங்க. வண்டி குழில இறங்கி ஏறி ஆடிக்கிட்டு போகுது, அவ சிரிச்சுக்கிட்டே சவைக்குறா, நான் விரலை விட்டுத் தோண்டி எடுத்தேன். உங்க முகம் சுருங்கிப் போச்சு, "நாங்க வளத்த பிள்ளையெல்லாம் செத்தா போச்சு"ன்னீங்க. கோவிச்சுக்காதீங்க, அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைக்கு முழுக் கடலை தொண்டைல சிக்கும், மூச்சுக்குழல்ல போயிட்டா தண்ணி குடுத்து எறக்க முடியாது. பொடிச்சு புட்டுல சேத்துக் குடுத்தா நல்ல சத்து. ஆபத்தான சங்கதின்னு பாத்தா அந்த பஸ்ல அது ஒண்ணு தான் இருந்துச்சு, அதைக் கொண்டு வந்தது பாக்கெட் பிரிக்குற அம்மை இல்ல.

வீட்டுக்கு வந்து இதை என் பொண்டாட்டிகிட்ட சொன்னா சிரிக்கிறா. உங்களுக்கு இது புதுசு, எனக்கு தினமும் உள்ளதுங்கா. பிள்ள வயித்துல இருக்கும்போதே ஆரம்பிச்சாச்சாம், சாளை மீன், அதான் மத்தி, தின்னா கரப்பான், கிழங்கு தின்னா கேஸ். பிரசவம் முடிஞ்சு பாக்க வந்த முன்பின் தெரியாத பொம்பள கூட "பால் உண்டா, பத்துமா?"ன்னு தான் முதல்ல கேட்டாளாம். டூட்டிக்குப் போகத் தொடங்கினப்ப பாலைப் பீச்சி பிரிட்ஜ்ல வச்சுட்டுப் போவா. ஒரு கல்யாண வீட்ல அந்தப் பாலைத் தான் பாட்டில்ல குடுத்துட்டு இருந்தா, பந்திக்குக் காத்து நின்ன ஒருத்தங்க டப்பாப் பால் குடுக்குறியான்னு அத்தனை பேர் முன்னால வச்சு ஏசிட்டுப் போனாங்க. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், அதுக்கு மேல சாப்பாட்டோட சேத்து ரெண்டு வயசு வரையோ அதுக்கு மேலயோ குடுக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இதை ஆஸ்பத்திரில மத்தவங்களுக்கு சொல்லிக் குடுக்குறதே அவ வேலை. அவளுக்கு வேற எவளோ கிளாஸ் எடுத்துட்டுப் போறா.

மூத்தவன் கதை தனி. டப்பால மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி தான்) மீனும் கொண்டு போனான், "ஹெல்தியா குடுத்து விடுங்க"ன்னு ஸ்கூல்ல இருந்து மெசேஜ், அதுவும் அம்மா நம்பருக்கு மட்டும். கிழங்குல மாவுச்சத்து தான் அதிகம், சரி, அதுக்குத் தானே கூட மீன். சாளைல உள்ள கொழுப்பு பிள்ளைகளுக்கு ரொம்ப நல்லது, விலையும் கம்மி. நம்ம ஊரு திருவிதாங்கூர்ல இருந்த காலத்துல, 1880-ல இருந்து 85 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைப் பரப்பினப்போ விஷம்னு சனங்க தொடலையாம், அவரே அவிச்சுத் தின்னு காட்டினதா சொல்லுவாங்க. பயந்ததுலயும் காரணம் இருக்கு, கிழங்குல உள்ள விஷம் போக வேகவச்ச தண்ணிய ஊத்திக் களையணும். 1942-ல பர்மா அரிசி நின்னு போனப்ப நம்ம பாட்டி பூட்டிமாரு வயித்தை நிறைச்சது இதே கிழங்கு தான். இப்ப மெசேஜ்ல வந்து நிக்குது.

அக்கறைல தான் பேசுனீங்கன்னு தெரியும், நம்ம ஊர்ல பஸ்ல பேசாம யாரும் வர்றதில்ல, எனக்கும் அது பிடிக்கும். அடுத்த வாட்டி எங்களைப் பாத்தாலும் தாராளமா பேசுங்க. ஏசணும்னு தோணுச்சுன்னா என்னைப் பாத்து ஏசுங்க. "ஏம்டே, நீ அடுக்களை பக்கம் போவியா மாட்டியா, பிள்ளைக்கு என்ன பொங்கிக் குடுத்தே?"ன்னு கேளுங்க. ஞாயித்துக்கிழமைன்னா சாளை புளிமுளம் குழம்பு, மீன் வெட்டிக் கழுவுறதும் முள்ளெடுத்து ஊட்டுறதும் நான். தேங்கா அரைக்க மட்டும் அவ விடமாட்டேங்கா, நான் அரைச்சா திப்பி திப்பியா கெடக்குமாம்.