பேக்கரி குழு: மாவுத் தூசியும் மூச்சு மீட்டரும்

வணக்கம். வரும் செவ்வாய் மதியம் 3 மணிக்கு, நெல்லித்தோப்பு பட்டறையில் பீக் ஃப்ளோ மீட்டர் (மூச்சை ஊதும் வேகத்தை அளக்கும் கருவி) தருகிறோம். மாவுத் தூசி ஆஸ்துமாவைக் கிளப்புகிறதா என்று பார்க்கத்தான் இது.

1. நின்றபடி மூச்சை நிரப்பி, ஒரே வீச்சில் ஊதுங்கள். 3 முறை ஊதி, அதிகபட்ச அளவை எழுதுங்கள். தினம் 4 வேளை, 4 வாரம். லீவு நாளையும் விடாதீர்கள்: அளவு லீவில் ஏறி, வேலை நாளில் இறங்கினால் மாவு மேல்தான் சந்தேகம், உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

2. மூட்டையை உதறாதீர்கள். மூட்டையின் வாயை மிக்சர் சட்டியின் அடிவரை இறக்கி மெல்லச் சாய்த்துக் கொட்டுங்கள். மாவு நனையும்வரை குறைந்த வேகம்.

3. துடைப்பம் வேண்டாம், படிந்த தூசி மறுபடி எழும்பும். ஈரத்துணி போதும். காற்றுக் குழாயால் சட்டையை ஊதுவது அதைவிட மோசம்!

4. பிரெட் இம்ப்ரூவர் (பிரெட் மாவில் சேர்க்கும் பொடி) அளக்கும்போது என்95 மாஸ்க் கட்டாயம். அதிலுள்ள அமைலேஸ் என்ற நொதியும் ஆஸ்துமாவைக் கிளப்பும். கைக்குட்டை உதவாது.

திங்கள் இரவுக்குள் பெயர், ஷிப்ட் இரண்டையும் இங்கே போடுங்கள். வேலை நேரத்தில் தும்மல், மூக்கொழுகல் இருப்பவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்.