பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை மறுபடி ஆடப் போகும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நம் பழைய கணினி விளையாட்டு பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை ஆடிக் காட்டப் போகிறாய் என்று படித்ததில் அத்தனை சந்தோஷம். 1990-இல் வந்த அந்த டாஸ் பதிப்பையே எடு.

பழைய டாஸ் ஆட்டங்களை இன்றைய கணினியில் ஓட்டும் மென்பொருளான டாஸ்பாக்ஸில், ஆட்டம் இருக்கும் ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்து 'பிரின்ஸ்' என்று அடித்தால் போதும். முதலில் டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் 'ஆஸ்பெக்ட்' என்பதை 'ட்ரூ' ஆக்கிவிடு. 320x200 படம் பழைய 4:3 திரைக்கு வரைந்தது. அப்படியே விட்டால் இளவரசன் குட்டையாகத் தெரிவான். விண்டோஸில் ஸ்டிக்கி கீஸ் வசதியையும் அணைத்துவிடு. ஷிஃப்டை ஐந்து முறை தட்டினாலே பெட்டி குறுக்கே வந்து நிற்கும். இந்த ஆட்டத்தில் எல்லாமே ஷிஃப்ட்தானே: விளிம்பைப் பிடிக்க, வாள் வீச, மருந்து குடிக்க, அடி மேல் அடி வைத்து நடக்க. தரை முட்களை அப்படி நடந்து கடந்தால் ஒன்றும் ஆகாது, ஓடினால் குத்திவிடும்.

ஆட்டத்தை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்தே இளவரசனை வரைந்தார். அதனால்தான் அவன் உடலுக்கு ஒரு கனம் இருக்கிறது, ஓட்டம் சட்டென்று நிற்காது. விரலை அதற்கேற்பக் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்க வேண்டும். இந்த அழகு இன்றைக்கும் குறையவில்லை.

நம்மை நிஜமாகத் தோற்கடிப்பது ஆட்டத்தை முடிக்கக் கிடைக்கும் அந்த 60 நிமிடம்தான். ஸ்பேஸ் பாரைத் தட்டினால் மிச்ச நேரம் தெரியும். செத்தாலும், கன்ட்ரோல்-ஏ அழுத்திக் கட்டத்தை மறுபடி தொடங்கினாலும் போன நேரம் திரும்பாது. மூன்றாம் கட்டத்திலிருந்து கன்ட்ரோல்-ஜி சேமிக்கும். ஆனால் திறக்கும்போது கட்டத்தின் தொடக்கத்தில்தான் விடும், நேரம் மட்டும் சேமித்த நொடியில் இருந்த அளவே இருக்கும். ஆகவே கட்டத்துக்குள் நுழைந்த உடனே சேமித்துவிடு.

மூன்றாம் கட்டத்து எலும்புக்கூடு வாளுக்குச் சாகாது, வெட்டி வெட்டிப் பின்னே தள்ளிக் குழியில் விழ வை. நான்காவதில் வழிமறிக்கும் கண்ணாடியை ஓடித் தாவித்தான் கடக்க முடியும். அப்போது உன் நிழல் பிரிந்து ஓடும், உயிர் ஒன்றாகக் குறையும். பன்னிரண்டில் அதே நிழல் வாளோடு வரும். அதை வெட்டினால் உனக்கே வலிக்கும். கீழ் அம்பை அழுத்தி வாளை உறையில் போடு, அதுவும் போடும். நேராக அதை நோக்கிப் போ, இருவரும் ஒன்றாகிவிடுவீர்கள். பிறகு வெற்றிடத்தின் மேல் துணிந்து ஓடு, காலடியில் தரை முளைக்கும்.

மகளுக்குப் பொறுமை போனால் இதே ஆட்டத்துக்கு எஸ்டிஎல்பாப் என்ற திறமூல வடிவம் இருக்கிறது. அதில் எஃப்6 நின்ற இடத்திலேயே சேமிக்கும், எஃப்9 அங்கேயே திருப்பி விடும். அவள் எந்தக் கட்டம் வரை போனாள் என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்