சீவாத டயருக்குச் சீவுகூலி

முகாமையாளர் அவர்களுக்கு,

கடந்த வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உங்கள் கொழும்புக் கிளையில் என் காரை விட்டேன். ட்ரெட்வெயர் 200 வகையில், அதாவது கெதியாகத் தேய்ந்தாலும் பிடிப்பு அதிகமுள்ள வகையில், நான்கு புது டயர்கள் வாங்கினேன். ஞாயிறன்று கட்டுக்குருந்தைக் கார்ப் பந்தய ஓடுபாதையில் பயிற்சி ஓட்டம் இருந்ததால் மேலதிகமாக இரண்டு வேலைகள் கேட்டேன். ட்ரெட்டை, அதாவது தரையில் படும் பள்ளம் வெட்டிய ரப்பரை, 4 மில்லிமீற்றர் ஆழம் மட்டும் மிஞ்சும்படி சீவ வேண்டும், ஒரு தடவை ஹீட் சைக்கிள் செய்ய வேண்டும். இரண்டுக்குமாக 28,000 ரூபா அறவிட்டீர்கள். பற்றுச்சீட்டிலும் அப்படியே எழுதியிருக்கிறது.

அன்று மாலை நான்கு மணிக்கே "வேலை முடிஞ்சுது, வந்து எடுங்கோ" என்று அழைப்பு வந்தது. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். ஹீட் சைக்கிள் என்றால் டயரை மெல்ல மெல்லச் சூடாக்கி, பிறகு குறைந்தது 24 மணித்தியாலம் ஆற விடுவது. ரப்பர் இறுகிப் பதப்படுவது அந்த ஓய்வில்தான். காலையில் கொடுத்த டயர் மாலையில் எப்படித் தயாராகும்? கெதியாகக் கிடைத்த சந்தோஷத்தில் நானும் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, ஓடுபாதையோரம் கார்களைச் சரிபார்க்கும் பிட்டில், காற்றுப் பார்த்த தம்பிதான் சொன்னான்: "அண்ணை, மீசை அப்பிடியே கிடக்கு." புது டயரில் முள்முள்ளாக நிற்கும் ரப்பர் நூலைத்தான் சொன்னான். சீவும் கத்தி பட்டிருந்தால் முதலில் போவது அதுதான். ஆழமானி வைத்துப் பார்த்தோம். நான்கிலும் 7.5 மில்லிமீற்றர்.

மறுநாள் தொலைபேசியில் உங்கள் ஊழியர் தந்த பதில் இது: "ட்ரெட் கூட இருந்தால் உங்களுக்குத்தானே லாபம், சேர்?" காலி வீதியில் ஓடுபவருக்கு லாபம்தான், மழைக்கும் நல்லது. ஓடுபாதையில் வளைவுக்கு வளைவு உயரமான ரப்பர் கட்டைகள் நெளியும். நெளிந்தால் சூடேறும், சூடு மிஞ்சினால் துண்டு துண்டாகப் பிய்யும். அதற்காகத்தானே காசு கொடுத்துப் புது டயரைத் தேய்க்கச் சொன்னேன்!

டயர்களைப் பற்றி எனக்குக் குறையில்லை. பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கத் திகதிக் குறியைப் பார்த்தேன், புதியவைதான். அவற்றைக் கெடுக்க மனமில்லாமல், மெதுவாகச் சில சுற்றுகள் ஓடிச் சூடாக்கிவிட்டுக் காரை ஓரங்கட்டினேன். நீங்கள் செய்ய வேண்டிய ஹீட் சைக்கிளை நான் செய்தேன். மீதி நாள் முழுக்க மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டிய நுழைவுக் கட்டணமும் போனது.

முதலில், டயர் சீவும் இயந்திரம் உங்களிடம் இருக்கிறதா என்று சொல்லுங்கள். இருந்தால் என் கண்முன்னே சீவித் தந்து, ஹீட் சைக்கிளுக்கான பணத்தை மட்டும் திருப்பித் தாருங்கள். இல்லையென்றால் 28,000 ரூபாவும் முழுதாக வேண்டும். 14 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் நுகர்வோர் விவகார அதிகார சபைக்குப் போவேன்.

பற்றுச்சீட்டின் பிரதியையும், அன்று காலை ஓடுவதற்கு முன் எடுத்த மீசைப் படங்கள் நான்கையும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06