ஓட்டத்துக்குத் தடை போடுங்கள், படிப்புக்கு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஊக்கமருந்து சோதனையில் அகப்படும் கல்லூரி மாணவர்களை அன்றைக்கே கல்லூரியை விட்டு நீக்க வேண்டும், ஆயுசுக்கும் மைதானத்துப் பக்கம் விடக்கூடாது என்று சென்ற வாரம் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டிக்குச் சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும், ஆண்கள் 100 மீட்டர் இறுதி ஓட்டத்துக்கு ஒரே ஒருவர்தான் வந்து நின்றார். மைதானத்துக் கழிப்பறையில் ஊசிகள் கிடந்தன. 2024-இல் இந்தியாவில் சோதித்த 7,113 மாதிரிகளில் 260 மாதிரிகளில் தடைசெய்த மருந்து இருந்தது. இதைப் படித்தால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனாலும் அவர் கேட்கும் தண்டனை யார் தலையில் போய் விழும் என்பதை என் வீட்டுக்குள்ளேயே பார்த்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாளையங்கோட்டை. 1999-இல் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தவர்களின் நான்காம் தலைமுறை என் கணவர். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநராக இருபது வருடத்துக்கு மேல் நிற்கிறேன். எங்கள் மகன் 400 மீட்டர் ஓடுவான். அந்த ஓட்டத்தை நம்பித்தான் இங்குள்ள ஒரு பல்கலைக்கழகம் அவனுக்கு விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. கட்டணம், விடுதி அறை, சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம்.

2018-இல் அவன் இரண்டாம் ஆண்டு. ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வந்தவன் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துச் சமையல் மேடையில் வைத்தான். கறுப்பு டப்பா, சிவப்பு மூடி. பயிற்சிக்கு முன்னால் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பவுடர். பயிற்சியாளர் வாங்கி வந்து தொடர் ஓட்ட அணிப் பையன்களுக்குக் கொடுத்தாராம். மூடியைத் திறந்து முகர்ந்தேன். தர்பூசணி வாசனை அடித்தது. பின்பக்கத்து லேபிளையும் படித்தேன். கஃபீன், பீட்டா அலனின், அப்புறம் ஜெரேனியம் சாறு என்று இருந்தது. ஜெரேனியம் பூச்செடிதானே என்று நினைத்து மூடியை மூடிவிட்டேன்.

நாள் முழுக்க மருந்துச் சீட்டுப் படிப்பவள் நான். அந்த ஒரு வரியில் நிற்காமல் போனேன். ஜெரேனியம் என்ற பெயரில் உள்ளே இருந்தது மெத்தில்ஹெக்ஸனமீன். ஒரு காலத்தில் மூக்கடைப்புக்கு உறிஞ்சும் மருந்தாக இருந்து வழக்கொழிந்து போனது, பிறகு பவுடர் டப்பாக்களில் வேறு வேறு பெயர்களில் திரும்பி வந்தது. 2010-இலிருந்து உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியலில் இருக்கிறது. போட்டி நாளில் சிறுநீரில் இருந்தால் தீர்ந்தது.

இருந்தது. ஓடி முடித்து வியர்வை வற்றிப்போனவனுக்குச் சிறுநீர் வரவே மூன்று மணி நேரம் ஆனதாம். ஒரு அதிகாரி பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்கக் கொடுத்திருக்கிறான். அவன் கையாலேயே இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி மூட வைத்தார்கள், ஏ ஒன்று, பி ஒன்று. பிறகு ஒரு படிவம். கடந்த ஏழு நாளில் என்னென்ன மருந்து, சத்துப்பொருள் எடுத்தாய் என்று அதில் ஒரு கட்டம் உண்டு. என் மகன் அந்தப் பவுடரின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி வைத்தான். ஏமாற்ற நினைப்பவன் எழுதுவானா? விசாரணையில் அவனை ஓரளவு காப்பாற்றியது அந்த ஒரு வரிதான். இரண்டு வருடம் போட்டிருக்கக்கூடிய தடையைப் பதினான்கு மாதமாகக் குறைத்தார்கள்.

அந்தப் பதினான்கு மாதம் நியாயமான தண்டனைதான். உன் உடம்புக்குள் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்பது விதி. அந்த விதி கொஞ்சம் தளர்ந்தாலும், ஊசி போட்டுக்கொண்டவன் ஒவ்வொருவனும் ஒரு டப்பாவைக் காட்டிவிட்டுப் போய்விடுவான். தடைக் காலத்தின் கடைசி இரண்டு மாதம் வரை அணியோடு சேர்ந்து பயிற்சி செய்யக்கூடக் கூடாது. விடியற்காலை இருட்டில் அவன் தெருவில் ஓடுவான். பின்னால் அவன் அப்பா காரை முதல் கியரில் ஓட்டி விளக்கடித்துக்கொண்டு போவார். ஒரு நாளும் அவன் குறை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நான் குறை சொல்வது அதற்குப் பிறகு வந்த கடிதத்தை. உதவித்தொகை ரத்து, அறையைப் பதினான்கு நாளில் காலி செய், மீதி வருடக் கட்டணத்தைக் கட்டு. விளையாட்டு அமைப்பு விதித்த தண்டனை ஓட்டத்துக்கு. பல்கலைக்கழகம் அதன் மேல் தானாக ஏற்றிய தண்டனை படிப்புக்கு. நாங்கள் சமாளித்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு கடையில் நின்றேன், கணவர் காரை விற்றுப் பழைய கார் வாங்கினார். மகன் வீட்டிலிருந்து டாக்சியில் (இங்கே அது பலர் சேர்ந்து போகும் வேன்) போய்ப் படித்தான். இப்போது ஒரு பள்ளியில் கணக்கு வாத்தியார்.

அதே டப்பாவில் கரண்டி விட்டவன் இன்னொருவன் இருந்தான். தொடர் ஓட்டத்தில் மூன்றாவதாக ஓடியவன், வடக்கே ஒரு கிராமத்திலிருந்து வந்த ஜூலு இனத்துப் பையன். எங்கள் வீட்டுக்கு எத்தனையோ தடவை சாப்பிட வந்திருக்கிறான். என்னை அம்மா என்றுதான் கூப்பிடுவான், என் ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடிப்பான். அதே நாளில் அவனுக்கும் சோதனை. ஆனால் அவன் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டான். "பவுடர் சாப்பாடுதானே அம்மா, மருந்து இல்லையே" என்று பிற்பாடு என்னிடம் சொன்னான். எங்களுக்காவது சட்டம் படித்த மைத்துனர் ஒருவர் கூட வந்து உட்கார்ந்தார். அவனுக்கு யாரும் இல்லை. இருபது மாதம் தடை. அதுகூடப் போகட்டும், ஓட்டம்தானே. அவனுக்கும் அதே பதினான்கு நாள் கடிதம் வந்தது. கட்டணம் கட்ட வழியில்லை. மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு பாதியில் பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனான். எங்கள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டுத்தான் போனான். கையில் ஒரு நெகிழிப் பை. அதற்குள் அவனுடைய ஸ்பைக்ஸ் ஷூ. "தம்பியிடம் கொடுங்கள், அவன் திரும்ப ஓடுவான்" என்றான். இன்றைக்கு நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வண்டிக்கு எண்ணெய் போடுகிறான்.

டப்பாவை வாங்கி வந்தவர் என்ன ஆனார்? விசாரித்தார்கள். ஒரே பயிற்சியாளரிடம் ஒன்றுக்கு மேற்பட்டவர் அகப்பட்டால் அவரையும் விசாரிக்க வேண்டும் என்று உலக ஊக்கமருந்து தடுப்பு விதியிலேயே இருக்கிறது. "கடையில் விற்கிற பொருள், குடிக்கச் சொல்லி நான் கட்டாயப்படுத்தவில்லை" என்றார் அவர். சரி என்று விட்டுவிட்டார்கள். அடுத்த பருவத்தில் அதே மைதானத்தில், அதே விசிலோடு, புதிய பையன்களுடன் நின்றார்.

இங்கேதான் எனக்கு ஆறவில்லை. இருபது வயதுப் பையனிடம், உனக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ, உடம்பில் இருந்தால் நீ பொறுப்பு என்கிறோம். ஐம்பது வயதுப் பயிற்சியாளரிடம் மட்டும் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டு, அவர் தெரியாது என்றால் நம்பிவிடுகிறோம். அந்த விதியில் இன்னொன்றும் உண்டு. பொதுவாக 18 வயது நிரம்பாதவர் ஒருவர் அகப்பட்டாலே, அவருக்குப் பயிற்சி கொடுத்தவர்களைத் தானாகவே விசாரிக்க வேண்டும். சிறுவனுக்குத் தசை ஏற்றும் ஸ்டீராய்டு கொடுத்தது நிரூபணமானால் கொடுத்தவருக்கு ஆயுள் தடை. கல்லூரிக்குப் போகிறவனுக்கு 18 தாண்டிவிடுவதால் இந்தப் பாதுகாப்பெல்லாம் ஒரே பிறந்தநாளில் போய்விடுகிறது. வீட்டை விட்டு முதல் தடவை வெளியே வந்து, சாப்பாடும் அறையும் பயிற்சியாளரின் ஒரு வார்த்தையில் தொங்கும்போதுதான் அவனுக்கு அந்தப் பாதுகாப்பு அதிகம் தேவை. "வேண்டாம் சார்" என்று சொல்ல அந்த வயதில் யாருக்கு நாக்கு எழும்?

மென்மையாக இருங்கள் என்று நான் கேட்பதாக அந்தப் பெரியவர் நினைத்துவிடக் கூடாது. கடையில் நான் பார்க்கிறவை வேறு. ரக்பி பருவம் தொடங்கும் முன் தகப்பன்மார்களே வருவார்கள். ஒருவர் பதினாறு வயது மகனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, டெஸ்டோஸ்டிரோன் (தசை ஏற்றும் ஆண் ஹார்மோன்) ஊசி கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார். இந்த நாட்டில் அது ஐந்தாம் அட்டவணை மருந்து. மருத்துவர் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடாது. முடியாது என்றேன். பையன் தலையைத் தூக்கவே இல்லை. கழுத்திலிருந்து சட்டைக்குள் இறங்கும்வரை சிவப்புச் சிவப்பாய்ப் பருக்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, வேறு எங்கோ ஏற்கெனவே கிடைத்துவிட்டது. வளர்கிற வயதில் ஸ்டீராய்டு எலும்பின் வளர்ச்சியை முன்கூட்டியே மூடிவிடும், கல்லீரலைக் கெடுக்கும், விந்தகத்தைச் சுருக்கும். பெண்பிள்ளைக்குக் குரல் தடித்தால் பிறகு திரும்பாது. தெரிந்தே இதை ஏற்றிக்கொண்டு ஓட வருகிறவனுக்கு நான்கு வருடத் தடை என்பது விதி. அது ஒரு நாள்கூடக் குறைய வேண்டாம். கல்லூரிக் காலம் முழுக்கப் போய்விடுமே என்பார்கள். போகட்டும். அவனுக்குப் பக்கத்துப் பாதையில் சுத்தமாக ஓடி நான்காவதாக வந்தவனுக்கும் அதே கல்லூரிக் காலம்தானே.

எதற்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க விளையாட்டு அமைப்புகளுக்குத் தெரியாமலும் இல்லை. இங்குள்ள ரக்பி வீரர் சிலிபாய் ரலபெல்லேயும் பியோர்ன் பாசனும் 2010-இல் தேசிய அணியோடு போனபோது இதே மெத்தில்ஹெக்ஸனமீனில் அகப்பட்டார்கள். அணியே கொடுத்த சத்துப்பொருளிலிருந்து வந்தது என்று தெரிந்ததும் தடையில்லாமல் விட்டார்கள். அதே ரலபெல்லே 2014-இல் ஸ்டீராய்டில் அகப்பட்டபோது இரண்டு வருடம், மூன்றாவது தடவை எட்டு வருடம். அமெரிக்கக் கல்லூரிகளில் வேறு கணக்கு. திறனைக் கூட்டும் மருந்தில் முதல் தடவை அகப்பட்டால் 365 நாள் வெளியே, விளையாடத் தகுதியுள்ள பருவங்களில் ஒன்று கழிந்துவிடும். இரண்டாம் தடவை என்றால் மிச்சமெல்லாம் போச்சு. கஞ்சாவை 2024 ஜூனில் விளையாட்டில் முதல் பிரிவில் (டிவிஷன் 1) ஆடும் கல்லூரிகளின் தடைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அது சரியா தவறா என்பது வேறு விஷயம். இவர்கள் எல்லோரும் தடையை எடை போட்டுத்தான் போடுகிறார்கள். பல்கலைக்கழகக் கடிதம் மட்டும் தெரிந்து செய்தவனுக்கும் தெரியாமல் செய்தவனுக்கும் ஒரே பதினான்கு நாள் கொடுக்கிறது.

உங்கள் ஊர்ப் பல்கலைக்கழகங்களும் இப்போது விளையாட்டு ஒதுக்கீட்டில் பிள்ளைகளைச் சேர்க்கின்றன, விடுதி கொடுக்கின்றன. அதனால் கேட்கிறேன். அகப்பட்டவனின் விளையாட்டுப் படியை நிறுத்துங்கள், பயணச் செலவை நிறுத்துங்கள், கொடுத்த ஷூவைக்கூட வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்த படிப்பை முடிக்கும்வரை கட்டணத்திலும் விடுதியிலும் கை வைக்காதீர்கள். மனம் வரவில்லை என்றால் கடனாக எழுதிக்கொள்ளுங்கள், வேலைக்குப் போய்க் கட்டட்டும். அப்புறம், மாணவர்களுக்கு என்ன பவுடர், என்ன மாத்திரை கொடுக்கிறோம் என்று பயிற்சியாளர் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். அவர் கொடுத்ததில் ஒரு மாணவன் அகப்பட்டால், மாணவன் எத்தனை மாதம் வெளியே நிற்கிறானோ அத்தனை மாதம் அவரும் சம்பளமில்லாமல் வெளியே நிற்கட்டும், தெரிந்ததா தெரியாதா என்ற கேள்வியே இல்லாமல். இந்த ஒன்றைச் செய்தால் லேபிளை முதலில் படிப்பவர் அவராகத்தான் இருப்பார்.

அந்த ஜூலு பையன் இரண்டாம் ஆண்டுப் பாதிக்குள் பதினொரு பாடங்களில் தேறியிருந்தான். கட்டணப் பாக்கி இருப்பதால் மதிப்பெண் பட்டியலைத் தர மறுக்கிறார்கள். அது இல்லாமல் வேறு எந்தக் கல்லூரியும் அவனை எடுக்காது. பாக்கியில் பாதியை நானும் என் கணவரும் கட்டிவிட்டோம். மீதியை என் மகன் தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டி வருகிறான். இந்த டிசம்பரில் முடியும்.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

(இரண்டு பையன்களின் நலன் கருதி என் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.)