ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர்

அன்புள்ள மல்லிகா,

நீ வட்டாரக் கல்வி அலுவலராகப் பொறுப்பேற்ற செய்தியை நம் தோழிகள் வாட்ஸ்அப் குழுவில் பார்த்தேன். அன்று முழுக்க மனசு நிறைந்திருந்தது. போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் சொல்ல வேண்டியது நிறைய சேர்ந்துவிட்டது. போனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிடுவார்கள், மீதி விட்டுப்போகும். 1998-ல் முனைஞ்சிப்பட்டியில் ஆசிரியர் பயிற்சி முடித்துப் பிரிந்தபோது மாசம் ஒரு கடிதமாவது எழுதுவோம் என்று சொல்லிக்கொண்டோம். அந்தக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்.

வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து, இப்போது தானே பேப்பர் படிக்கிறாள். பெரியவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. சின்னவன் பத்தாம் வகுப்பு, அதே அரசு உயர்நிலைப் பள்ளியில்தான்.

சரி, பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். போன மாசம் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நடந்ததை உன்னிடம் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் குழுத் தலைவி நூறு நாள் வேலைக்குப் போகிறவர், மகள் மூன்றாம் வகுப்பு. கூட்டத்தில் அவ்வளவாகப் பேச மாட்டார். அன்றைக்குத் தீர்மானம் எல்லாம் எழுதி முடித்த பிறகு, "டீச்சர், ஒரு ஆளு ஒரே நேரத்துல ரெண்டு மூணு வகுப்புக்கு எப்படிப் பாடம் நடத்துவீங்க?" என்று கேட்டார். குறை சொல்வதற்காகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கும் மேலாக நான் செய்துவரும் வேலையைப் பற்றி ஒரு தாய் கேட்கிறாள், பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பள்ளியில் 41 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் 9, இரண்டில் 7, மூன்றில் 8, நான்கில் 6, ஐந்தில் 11. ஆசிரியர் இரண்டு பேர். கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், எனவே ஆகஸ்ட் 1 கணக்கெடுப்பில் எங்கள் பள்ளிக்கு ஒரு குறையும் தெரியாது. இருபது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று தாளில் அழகாக இருக்கும். அதே சட்டப்படி 150 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஐந்து ஆசிரியர். அங்கே விகிதம் முப்பதுக்கு ஒன்று, எங்களைவிட மோசம் போலத் தோன்றும். ஆனால் அந்தப் பள்ளியின் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு நாள் முழுக்க ஒரு டீச்சர் இருக்கிறார். என் நான்காம் வகுப்பு ஆறு பேருக்கு நான் பாதிதான். அந்த வகுப்புக்கு ஐந்து பாடம், ஐந்தாம் வகுப்புக்கு ஐந்து பாடம், ஆகப் பத்துப் பாடத்துக்கு நான் ஒருத்தி. தலைமை ஆசிரியர் வேலையும் அதற்குள்ளேயே. அடுத்த அறையில் ஒன்று முதல் மூன்று வரை பார்க்கும் டீச்சருக்கு மூன்று வகுப்பு.

மல்லிகா, பணியிடம் நிர்ணயிக்கும்போது தலையை மட்டும் எண்ணுகிறார்கள், வகுப்பை எண்ணுவதில்லை. நான் உன்னிடம் சொல்ல வந்தது இதுதான். சிறிய பள்ளி என்றால் வேலையும் சிறியது என்று மேலே இருப்பவர்களுக்குத் தோன்றுகிறது. நடுநிலைப் பள்ளி தலைமை ஆசிரியராக இருந்துவிட்டு வந்திருக்கிறாய். ஈராசிரியர் பள்ளியில் நீ வேலை பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அதனால்தான் இதை இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

நாங்கள் இரண்டு பேரும் இருக்கும் நாளில் எப்படியாவது சமாளித்துவிடுவோம். ஆனால் எங்களில் ஒருவராவது பள்ளியில் இல்லாத நாட்களையும் அதற்குக் காரணத்தையும் இந்த ஆண்டு ஒரு நோட்டில் குறித்துவந்தேன். பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்து நடத்தும் குறுவள மையப் பயிற்சி, தலைமை ஆசிரியர் கூட்டம், வங்கி, வாக்காளர் பட்டியல் வேலை, உடம்புக்கு முடியாத நாள். வாக்காளர் பட்டியலைப் பற்றி முறையிட முடியாது. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம் மூன்றுக்கும் ஆசிரியரை எடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. மற்றவற்றில் பெரும்பாலானது முன்கூட்டித் திட்டமிட்டால் தவிர்க்கக்கூடியது. ஒரு சம்பவம் மட்டும் சொல்கிறேன். ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் இருவரையும் ஒரே நாளில் இரண்டு வெவ்வேறு பயிற்சிக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. பள்ளியை யார் திறப்பது என்று கேட்டேன். பக்கத்துப் பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் ஒருவரை அனுப்புகிறோம் என்றார்கள். அந்தப் பக்கத்துப் பள்ளியும் ஈராசிரியர் பள்ளி! அன்றைக்கு இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் ஓர் ஆசிரியரோடு உட்கார்ந்திருந்தார்கள்.

இன்னொரு பக்கம், நல்லதையும் சொல்ல வேண்டும். காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25-ல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்ததே, அதன் பலனை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன். அம்மாக்கள் விடியற்காலையிலேயே களைபறிக்கப் போய்விடும் ஊர் இது. முன்பெல்லாம் பத்தரை மணிக்கே சோர்ந்து மேசையில் தலைசாய்க்கும் பிள்ளைகள் இப்போது நிமிர்ந்து உட்காருகிறார்கள். பொங்கல் போடும் புதன்கிழமை யாரும் தாமதமாக வருவதே இல்லை. இது ஏன் நன்றாக நடக்கிறது என்று யோசித்தேன். சமைப்பதற்கென்று மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் இருக்கிறார்கள். 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவைக் கொண்டுவந்தபோதும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று தனித்தனியே ஆள் போட்டார்கள். புதிய வேலை என்றால் அதற்குப் புதிய ஆள் வேண்டும் என்பது சோற்று விஷயத்தில் நம் நிர்வாகத்துக்குத் தெரிந்திருக்கிறது. பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கும், செயலிக்கும், அறிக்கைக்கும் மட்டும் அது மறந்துவிடுகிறது. 2022-ல் ஒன்று முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரும் எண்ணும் எழுத்தும் திட்டம் தொடங்கியபோது ஒவ்வொரு பிள்ளையாகக் கைபேசி முன் உட்காரவைத்து மதிப்பீடு செய்தோம், நினைவிருக்கிறதா? மூன்று வகுப்பை ஒருவரே வைத்திருக்கும் பள்ளியில் ஒரு பிள்ளையோடு உட்கார்ந்தால் மற்ற இருபத்துமூன்று பேரை யார் பார்ப்பது?

ஆனாலும் எண்ணும் எழுத்தும் எனக்குப் பிடித்த திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கச் சொல்கிறதே, அது எங்களைப் போன்ற பள்ளிக்கென்றே யோசித்தது போல இருக்கிறது. அதற்கு முன் செயல்வழிக் கற்றலும் அப்படித்தான். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கி, 2007-ல் மாநிலம் முழுக்க வந்தது. ஆந்திராவில் ரிஷிவேலியைச் சுற்றியுள்ள சின்னச் சின்னக் கிராமப் பள்ளிகளில், பல வகுப்புகளை ஓர் ஆசிரியர் வைத்துக்கொண்டு கண்டுபிடித்த முறை அது. சுவரோரம் தாழ்வாகக் கரும்பலகை, ஆளுக்கு ஒரு கட்டம், தட்டில் அட்டைகள், ஏணியில் அடுத்த படி எது என்று பிள்ளையே பார்த்து எடுத்துக்கொள்ளும். நான் ஒரு மூலையில் நாலு பேரோடு உட்கார்ந்திருக்கும்போது மற்றவர்கள் தாமாகவே வேலை செய்துகொண்டிருப்பார்கள். அட்டை கிழிந்தபோது புது அட்டை வரவில்லை. தொலைந்தபோதும் வரவில்லை. மூன்று நான்கு வருஷத்தில் ஏணியில் நடுப்படிகள் இல்லாமல் போயின. பிறகு அந்த முறையே சரியில்லை என்று பேசினார்கள். முறையில் கோளாறு இல்லை, பராமரிப்புதான் இல்லை என்பதை அன்றைக்குச் சத்தமாகச் சொல்லாமல் விட்டதற்கு இன்றும் வருந்துகிறேன்.

இன்னொரு பயமும் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2025 ஜூனில், பிள்ளைகள் ஐம்பதுக்குக் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்க உத்தரவு போட்டார்கள். எங்கள் 41 உடனே மனசில் வந்து நின்றது. இது காமராசர் காலத்தில் ஓராசிரியர் பள்ளியாகத் தொடங்கிய பள்ளி. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு நெடுஞ்சாலையைக் கடந்து போக வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எப்படிப் போகும்? தெருவில் தனியார் பள்ளி வேன் வருகிறது. வசதி உள்ளவர்கள் ஏற்றிவிடுவார்கள், இல்லாதவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்வார்கள்.

என் கூட வேலை பார்க்கும் டீச்சர் இப்போது ராத்திரி பதினொரு மணி வரை ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படிக்கிறார். ஏற்கெனவே பணியில் இருப்பவர்களும் அந்தத் தேர்வில் தேற வேண்டும் என்று செப்டம்பர் 1, 2025-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்ததிலிருந்து, பணியில் இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் எங்களுக்கெல்லாம் அந்தக் கவலைதான். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

உன்னிடம் கேட்பது பெரிய விஷயம் இல்லை. பணியிட விதியை மாற்ற உன்னால் முடியாது, தெரியும். ஆனால் பயிற்சிக்கு அழைக்கும் பட்டியல் உன் மேசை வழியாகத்தான் போகும். ஈராசிரியர் பள்ளிகளை முதலில் தனியாக எழுதி வைத்துக்கொள். ஒரே நாளில் இரண்டு பேரையும் கூப்பிடாதே. அவர்களிடமிருந்து மாற்றுப்பணிக்கு யாரையும் எடுக்காதே. பள்ளிப் பார்வைக்குப் போனால் பதிவேட்டை மதியத்துக்கு மேல் கேள், ஏளா. காலையில் போய் இறங்கியதும் ஒரு வகுப்பை நீ எடு. ஒரு மணி நேரம் அந்த டீச்சருக்கு ஒரே ஒரு வகுப்பு மட்டும் இருக்கட்டும். அந்த ஒரு மணி நேரத்தில் அவர் என்ன செய்கிறார் என்று பார். அப்புறம் ஆண்டாய்வு அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் என்று எழுதும் இடத்தில் எத்தனை வகுப்பு என்றும் எழுது. பத்து வட்டாரத்திலிருந்து அப்படி எழுதிப் போனால் யாராவது ஒருவர் படிப்பார்.

எங்கள் குழுத் தலைவிக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லிவிட்டேன். "முடியலம்மா, பாதிதான் நடத்துறேன்" என்றேன். அவர் தீர்மான நோட்டை மறுபடி திறக்கச் சொல்லி, மூன்றாவது ஆசிரியர் வேண்டும் என்று எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். நகல் ஒன்றை இதனோடு வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. என்னிடம் பழைய செயல்வழிக் கற்றல் அட்டைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. இரண்டாம் வகுப்புத் தமிழில் மட்டும் நடுவே பதினொரு அட்டை குறைகிறது. உன் வட்டாரத்தில் ஏதாவது பள்ளிப் பரணில் கிடந்தால் தூக்கிப் போடவிடாமல் எடுத்து வை. மே மாச விடுமுறையில் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

உன்,
செண்பகம்